ஓநாயைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது: குழந்தைகளுடன் விமர்சன வாசிப்பைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓநாயை நேரில் பார்த்த குழந்தை நம் ஊர்களில் அநேகமாக இல்லை. ஆனால் ஓநாய் எப்படிப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் குழந்தையும் இல்லை. கெட்டது, ஏமாற்றும், ஆட்டைத் தின்னும், நிலவைப் பார்த்து ஊளையிடும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பார்க்காத ஒரு விலங்கைப் பற்றி இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பயிற்சி தொடங்குகிறது. அந்த உறுதியைச் சொற்களும் படங்களும் இசையும் சேர்ந்து உண்டாக்கியிருக்கின்றன என்பதையும், அவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதையும், வேறு விதமாகவும் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பதையும் எட்டு வயதுக் குழந்தை தானே கண்டுபிடிக்க முடியும். நூலகம் ஒன்றில் வாரந்தோறும் சிறுவர்களுடன் உட்கார்ந்து படித்த அனுபவத்தை வைத்து, முதன்முறையாக இதில் இறங்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தன்னார்வலருக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

இரண்டு சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விமர்சன வாசிப்பு என்றதும் குறை கண்டுபிடிக்கும் வாசிப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இதை யார், யாருக்காக, எந்தப் பார்வையில் சொல்கிறார்கள், யாருடைய குரல் விடுபட்டிருக்கிறது என்று கேட்டபடி படிப்பதற்குத்தான் அந்தப் பெயர். சொல்லை வாசிப்பதையும் உலகை வாசிப்பதையும் பிரிக்க முடியாது என்று பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே வலியுறுத்தியதன் வழியில் வளர்ந்த சிந்தனை இது. ஆஸ்திரேலியக் கல்வியாளர்களான பீட்டர் ஃப்ரீபாடியும் ஆலன் லூக்கும் 1990-இல் வாசகரின் வேலையை நான்காகப் பிரித்தார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிப்பது, பொருள் கொள்வது, தேவைக்கேற்பப் பயன்படுத்துவது, எழுதியவரின் நோக்கத்தை ஆராய்வது. நம் வகுப்பறைகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. அடுத்த சொல் பல்வழி வாசிப்பு. பொருள் எழுத்தில் மட்டும் இல்லை. காட்சி, ஒலி, உடலசைவு, இடவமைப்பு ஆகியவற்றிலும் இருக்கிறது என்பது இதன் அடிப்படை. 1994-இல் அமெரிக்காவின் நியூ லண்டன் என்ற ஊரில் கூடிய பத்துக் கல்வியாளர்கள் 1996-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்தக் கருத்து பள்ளிகளுக்குள் பரவியது. கோட்பாடு இவ்வளவு போதும்.

தொடங்குவதற்கு முன்

எட்டிலிருந்து பதினொரு வயது வரையிலான குழந்தைகள், பன்னிரண்டு பதினைந்து பேர், வாரம் முக்கால் மணி நேரம், பத்து வாரங்கள் என்பது நல்ல அளவு. வெள்ளைத் தாள், கருப்பு, சிவப்பு, ஊதா வண்ணத் தாள்கள், கத்தரிக்கோல், பசை, ஒரு ஃபோன், சிறிய ஸ்பீக்கர் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். புத்தகம் வாங்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். இங்கே பயன்படுத்தும் பழைய கதைகள் எல்லாம் வாயால் சொல்லக்கூடியவை, காப்புரிமைக் காலம் முடிந்தவை.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் அவசியம். தெருநாயிடம் கடிபட்ட குழந்தை எந்தக் குழுவிலும் ஒன்றாவது இருக்கும்; பல்லைக் காட்டும் ஓநாய்ப் படத்தைத் திடீரென்று அதன் முன்னால் நீட்டினால் அன்றைய வகுப்பு அத்துடன் முடிந்துவிடும். பெற்றோரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையில், சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு முடியும் வடிவத்தை ஏழு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான் சொல்வதில்லை.

முதல் படி: கதை சொல்லும் முன்பே வரையச் சொல்வது

முதல் நாள் எந்தக் கதையும் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஓநாயை வரைந்து அதைச் சுற்றி அதற்குப் பொருத்தமான ஐந்து சொற்களை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படம் காட்டக்கூடாது. ‘நாய் மாதிரி இருக்கும்’ என்றுகூடக் குறிப்புத் தரக்கூடாது. முடிந்ததும் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லாப் படங்களிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேளுங்கள். பல், நிலா, இரவு, தொங்கும் நாக்கு ஆகியவை தவறாமல் வரும். அதன்பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’

என் குழுவில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தாள் முழுக்க ஒரு வாயை மட்டும் வரைந்து வைத்திருந்தான். உடம்பு எங்கே என்று கேட்டதற்கு, ‘கதையில வாய் மட்டும்தானே சார் வருது’ என்றான். ஒரு கதை ஓநாயை எப்படிக் காட்டுகிறது என்பதைப் பற்றி அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றில் அதைவிடச் சரியான கருத்து வேறு இல்லை. இந்தப் படங்களைத் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள். கடைசி வாரம் தேவைப்படும்.

இரண்டாம் படி: சொல் செய்யும் வேலையைக் கவனிப்பது

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்கலாம், ஏனென்றால் தமிழ் இதற்கு மிகவும் வாகான மொழி. கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதுங்கள்: ஓநாய் வந்தது. ஓநாய் வந்தான். ஓநாயார் வந்தார். மூன்றிலும் ஒரே விலங்கு, ஒரே செயல். மாறியது விகுதி மட்டுமே. எந்த ஓநாயைக் கண்டு அதிகம் பயப்படுவீர்கள் என்று கேளுங்கள். என் குழுவினர் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ‘வந்தது’ என்றால் நிஜ ஓநாய், ‘வந்தான்’ என்றால் திருடன் மாதிரி, ‘வந்தார்’ என்றால் யாரையோ ஏமாற்றப் போகிறது. மரியாதை விகுதி ஏன் சந்தேகத்தைத் தருகிறது என்று கேட்டபோது, ‘நரியாரே, காக்கையாரே’ என்று யாராவது கூப்பிட்டால் அடுத்து ஏதாவது பறிபோகும் என்று தங்கள் கதையறிவிலிருந்தே விளக்கம் சொன்னார்கள். அஃறிணையை உயர்திணையாக்கும் அந்த ஓர் எழுத்தின் வேலையை இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள், அதற்கு இப்படியொரு பயன் உண்டு என்று அன்றுதான் பார்த்தார்கள்.

அடுத்து வினைச்சொல். ஆடு ஒன்று இறந்துபோன நிகழ்ச்சியை நான்கு விதமாக எழுதுங்கள்: ஓநாய் ஆட்டைக் கொன்றது. ஓநாய் ஆட்டைத் தின்றது. ஓநாய்க்கு ஆடு இரையானது. மேய்ப்பவர் ஓர் ஆட்டைப் பறிகொடுத்தார். நான்காவது வாக்கியத்தில் ஓநாயே இல்லை என்பதைக் குழந்தைகள் கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். யாருக்கு இழப்பு, யார் குற்றவாளி, யாருக்குப் பசி என்பதெல்லாம் வினையைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிவாகிவிடுகிறது என்று புரிந்தவுடன், செய்தித்தாளில் வரும் ‘அட்டகாசம்’, ‘ஊருக்குள் புகுந்தது’ போன்ற தலைப்புகளை வெட்டிக் கொண்டுவரச் சொல்லலாம். அட்டகாசம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே செய்திக்கு வேறு தலைப்பு எழுதுவது நல்ல வீட்டுப்பாடம்.

மூன்றாவது, பழமொழி. ‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.’ பொய்ப் பரிவைச் சுட்டும் பழமொழி என்ற பொருளைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகாமல், கடைசியில் இருக்கும் ‘ஆம்’ மேல் விரலை வையுங்கள். அழுதது என்பதற்கும் அழுததாம் என்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டாவதில் சொல்பவர் நேரில் பார்க்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்று அடையாளம் காட்ட நம் மொழியில் ஓர் எழுத்துத் துண்டே இருக்கிறது. முதல் நாள் படங்களைச் சுற்றி எழுதிய சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ‘ஆம்’ சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள்: ஓநாய் கெட்டதாம், ஏமாற்றுமாம், நிலவைப் பார்த்து ஊளையிடுமாம். சிரிப்பு வரும், அந்தச் சிரிப்போடு சந்தேகமும் வரும். இந்த ‘ஆம்’ விளையாட்டு மற்ற வாரங்களுக்கும் கூடவே வரட்டும்.

மூன்றாம் படி: ஒரே கதையின் மூன்று வடிவங்கள்

பாட்டியைப் பார்க்கக் காட்டு வழியே போய் ஓநாயிடம் சிக்கும் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதை ஒன்றல்ல. எழுத்தில் வந்த மிகப் புகழ்பெற்ற பழைய வடிவம் பிரான்சின் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்டது. அதில் ஓநாய் பாட்டியையும் சிறுமியையும் தின்றுவிடுகிறது, கதை அங்கேயே முடிகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை. கதைக்குப் பிறகு ஒரு நீதிப் பாடல் உண்டு. சத்தம் போடாமல் மென்மையாகப் பேசிக்கொண்டு இளம்பெண்களைப் பின்தொடரும் ஓநாய்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்கிறது அது. பெரோ தம் ஓநாயை வெறும் ஓநாய் என்று அறிமுகப்படுத்துவதில்லை. ஊர்க்காரரை உரிமையோடு அழைக்கப் பிரெஞ்சில் வழங்கிய ‘கொம்பேர்’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் எழுதுகிறார். நம் ‘ஓநாயார்’ செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் மீட்கிறார். வயிற்றில் கல் நிரப்பப்பட்ட ஓநாய் செத்துவிழுகிறது. மூன்றாவது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் பதிவுசெய்யப்பட்ட வாய்மொழி வடிவம். அதில் சிறுமி, வெளியே ஒதுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் காலில் ஓநாய் கட்டிய நூலை அவிழ்த்து ஒரு பிளம் மரத்தில் கட்டிவைத்துவிட்டு ஓடித் தப்பிக்கிறாள். குழந்தைகளுக்கு மூன்றில் எது பிடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றையும் வாயாலேயே சொல்லிவிட்டு, தரையில் ஒரு பெரிய கட்டம் வரைந்து, அம்மா என்ன சொன்னார், சிறுமி என்ன செய்தாள், யார் காப்பாற்றினார்கள், ஓநாய் என்ன ஆனது என்ற நான்கு வரிசைகளைக் குழந்தைகளையே நிரப்பச் சொல்லுங்கள். முதல் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. கிரிம் வடிவத்தில் வழியை விட்டு விலகாதே என்று அம்மா எச்சரிக்கிறார்; ஆகவே நடந்தது சிறுமியின் கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனைபோல் ஆகிவிடுகிறது. பெரோவின் அம்மாவோ அப்படி எதையும் சொல்லி அனுப்புவதில்லை. நின்று ஓநாயின் பேச்சைக் கேட்பது ஆபத்து என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது என்றுதான் அவர் எழுதுகிறார். ஒரு வாக்கியத்தைச் சேர்த்ததும் பழி இடம் மாறிவிட்டது. இதை வெறும் இலக்கியச் செய்தியாகக் குழந்தைகள் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் ஏதாவது உடைந்தால் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற வாக்கியம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கதை நாடு மாறும்போது விலங்கும் மாறும் என்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. ஈசாப் கதையில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஓநாய் வருகிறது என்று பொய்க் கூச்சல் போடுகிறான். தமிழில் அது ‘புலி வருது’ ஆகிவிட்டது. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ‘ஓநாய்னா நாய் மாதிரிதானே, கல்லெடுத்தா ஓடிடும், புலின்னாதான் ஊரே ஓடிவரும்’ என்றாள் ஒரு சிறுமி. சரியான விடை எது என்று எனக்கும் தெரியாது. ஆனால் சொல்பவர் கேட்பவரின் பயத்தை அளந்துதான் விலங்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

நான்காம் படி: வெட்டி ஒட்டிப் படத்தைப் படிப்பது

படம் எப்படிப் பயமுறுத்துகிறது என்று விளக்கிச் சொன்னால் குழந்தைகள் தலையாட்டுவார்கள். தாங்களே செய்துபார்த்தால்தான் பிடிபடும். அமெரிக்க ஓவியர் மோலி பேங் 1991-இல் வெளியிட்ட நூலொன்றில் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை ஒரு சிவப்பு முக்கோணமாக்கி, காட்டையும் ஓநாயையும் வெட்டிய வண்ணத்தாள்களாலேயே உருவாக்கிக் காட்டினார். அந்த யோசனையை நம் வகுப்புக்கு ஏற்றபடி எளிமையாக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்பு முக்கோணம் கொடுங்கள்; அதுதான் சிறுமி. கருப்புத் தாளில் நீண்ட பட்டைகள் வெட்டி மரங்களாக நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு மூன்று கருப்பு முக்கோணங்களால் ஓநாய். பசை இன்னும் தடவக்கூடாது, எல்லாம் நகரும் நிலையில் இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். ஓநாயைத் தாளின் அடியில் முன்புறம் பெரிதாக வைத்தால் என்ன ஆகிறது, தொலைவில் சிறிதாக வைத்தால் என்ன ஆகிறது? கூர்முனைகளைக் கத்தரித்து வட்டமாக்கினால்? மரங்களை நேராக நிறுத்துவதற்குப் பதில் சாய்த்து வைத்தால்? கண்ணைச் சிறுமியின் அதே சிவப்பில் ஒட்டினால் இருவருக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு விழுகிறதே, அது ஏன்? கடைசிக் கேள்வியில் எப்போதும் ஒரு சிறு அமைதி நிலவும்.

என் குழுவில் ஒரு சிறுமி எதையும் வெட்டவில்லை, நகர்த்தவும் இல்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். முன்புறம் பெரிதாக இருந்த ஓநாய் மேலே போய், சிறுமி அடியில் நம் பக்கத்தில் வந்து நின்றாள். ‘இப்ப நாம சிறுமி பக்கம் நிக்கிறோம், முன்னாடி ஓநாய் பக்கம் நின்னோம்’ என்றாள். படம் பார்ப்பவரை எங்கே நிறுத்துகிறது என்பதை விளக்க நான் தயாரித்துவைத்திருந்த பத்து நிமிடப் பேச்சு அத்துடன் தேவையற்றதாகிவிட்டது. இப்பயிற்சிக்குப் பிறகு அச்சிட்ட கதைப்படம் எதைக் காட்டினாலும் அவர்கள் முதலில் பார்ப்பது, யார் பெரிதாக இருக்கிறார்கள், யார் நம் கண்ணை நேராகப் பார்க்கிறார்கள், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான்.

அசையும் படத்துக்கு, வைக்கோல், குச்சி, செங்கல் வீடுகளை ஓநாய் ஊதித் தள்ளப் பார்க்கும் மூன்று பன்றிக்குட்டிகள் கதையை எடுத்துக்கொள்ளலாம். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் அச்சிட்ட ஆங்கில வடிவத்தில் முதல் இரண்டு பன்றிகளை ஓநாய் தின்றுவிடுகிறது, கடைசியில் மூன்றாவது பன்றி ஓநாயை வேகவைத்துத் தின்கிறது; 1933-இல் டிஸ்னி வெளியிட்ட கார்ட்டூனில் யாரும் யாரையும் தின்பதில்லை. ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு: அந்தக் கார்ட்டூனின் முதல் வடிவத்தில், கதவைத் திறக்கவைக்க ஓநாய் போடும் மாறுவேடம் யூத நடைவியாபாரியைக் கேலிசெய்யும் உருவமாக இருந்தது, பின்னாளில் அந்தக் காட்சியை மாற்றி வரைந்தார்கள். கெட்டவன் என்று முத்திரை குத்தப்பட்ட விலங்குக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் முகத்தை ஒட்டவைப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுடன் தாராளமாகப் பேசலாம். நம் படங்களில் வில்லனின் அடியாட்களுக்கு என்ன நிறம் பூசுகிறார்கள் என்று அவர்களே பேச்சைத் திருப்பினால் தடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: காதால் படிப்பது

ருஷ்ய இசையமைப்பாளர் செர்கே புரோகோஃபியெவ் 1936-இல் குழந்தைகளுக்காக எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ இசைக்கதையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம்: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள், இவை எல்லாமே ஊதும் வாத்தியங்கள். பெயர் சொல்லாமல் ஒவ்வொரு இசைத்துண்டையும் ஒலிக்கவிட்டு, இது பெரிய விலங்கா சிறியதா, வேகமா மெதுவா, நம்பலாமா என்று எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே கதை.

மறுவாரம், ஓநாய் நடந்துபோகும் அரை நிமிடக் காணொளி ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பின்பு அதே காட்சிக்கு ஹார்ன் இசையையும், அதற்கடுத்து ஒரு தாலாட்டையும் ஓடவிடுங்கள். தாலாட்டுடன் பார்த்த குழந்தைகள், ஓநாய் தன் குட்டியைத் தேடிப் போகிறது என்றார்கள். காட்சியில் ஒரு மயிர்கூட மாறவில்லை என்பதை நிரூபிக்க மூன்று முறை ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

உடலசைவுக்குத் தனி வாரம் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு காட்சியில் சிலையாக நிற்பது, மற்றவர்கள் யார் பயப்படுகிறார்கள் என்று ஊகிப்பது, பிறகு ஒருவர் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வது ஆகியவற்றைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

ஆறாம் படி: விடுபட்ட குரல்

ஓநாயின் பக்கத்திலிருந்து கதை சொல்வது இப்போது எல்லோரும் அறிந்த உத்தி. 1989-இல் அமெரிக்காவில் வந்த ஜான் சியெஸ்காவின் படநூலில் மூன்று பன்றிக்குட்டிகள் கதையின் ஓநாய் சிறையிலிருந்தபடி, தான் சர்க்கரை கடன் கேட்கப் போனதாகவும் தும்மலில் வீடு விழுந்ததாகவும் வாக்குமூலம் தருகிறது. குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘ஆகவே ஓநாய் நல்லது, பாவம்’ என்று முடித்துவிட்டால், பழைய முன்முடிவை எடுத்துவிட்டுப் புதிய முன்முடிவை வைத்தோம் என்பதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. சிறையில் இருப்பவருக்கும் தப்பிக்கும் நோக்கம் உண்டு. அவர் கதையையும் ‘ஆம்’ போட்டுத்தான் கேட்க வேண்டும்.

எனவே ஓநாயோடு நிற்காமல், கதையில் பேசவே வாய்ப்புக் கிடைக்காதவர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள்: குட்டிகளை வெளியே அனுப்பிய தாய்ப்பன்றி, வைக்கோல் விற்றவர், பாட்டி. அவர்களில் ஒருவர் எழுதும் கடிதமே பயிற்சி. ஒரு பாட்டியின் கடிதம் இப்படித் தொடங்கியது: ‘ஏண்டி, நான் காய்ச்சல்ல படுத்திருக்கேன்னு தெரிஞ்சும் ஒத்தப் பிள்ளையக் காட்டு வழியா அனுப்பினியே, நீ வந்தா என்ன?’ மூன்று நூற்றாண்டுகளாகச் சிறுமியா ஓநாயா என்று நடந்துவரும் வழக்கில் அம்மாவைக் கூண்டில் ஏற்றியது அந்தக் கடிதம். உடனே இன்னொரு பெண் எழுந்து, அம்மா வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் அப்பா ஏன் இல்லை என்று கேட்டாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஏழாம் படி: உண்மை ஓநாயையும் அப்படியே நம்பாமல் படிப்பது

கதை பொய், தகவல் நூல் மெய் என்ற எளிய பிரிவினையைக் குழந்தைகளிடம் விட்டுவைக்கக்கூடாது. ஓநாய்க் கூட்டத்துக்குச் சண்டையிட்டு மேலேறிய ஒரு தலைவன் உண்டு என்ற கருத்து நல்ல எடுத்துக்காட்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதிய ஆய்வில் வேர்விட்ட அந்தக் கருத்து, அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட நூலின் வழியாகவும் பரவியது. காட்டில் திரியும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மெக், கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். அறிவியலாளர் தாம் எழுதியதையே மாற்றிக்கொள்வார் என்பது குழந்தைகளுக்கு வியப்பாக இருக்கும். எங்கே பார்த்தார், கூண்டிலா காட்டிலா என்ற கேள்வியின் மதிப்பும் தெரியும்.

அடுத்து, இணையத்தில் பெரிதும் பகிரப்படும் யெல்லோஸ்டோன் கதை. 1926-இல் அந்த அமெரிக்கப் பூங்காவில் ஓநாய்கள் கொன்று தீர்க்கப்பட்டன; 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இளஞ்செடிகளை மேயும் எல்க் மான்களை அவை குறைத்ததால் மரம் வளர்ந்து ஆறே வழி மாறியது என்று உருக்கமான இசையுடன் கூடிய காணொளிகள் சொல்கின்றன. கரடி, மலைச்சிங்கம், மனித வேட்டை, நீர்மட்டம், ஓடைகளில் அணை கட்டும் பீவர்கள் என்று வேறு காரணங்களும் அந்த மாற்றங்களில் சேர்ந்திருக்கின்றன என்றும், மாற்றம் அவ்வளவு பெரிதல்ல என்றும் ஆய்வாளர் பலர் வாதிடுகிறார்கள். ஐந்தாம் படியில் செய்ததுபோல ஒலியை நிறுத்திவிட்டு அக்காணொளியைப் பாருங்கள். எந்த வாக்கியத்துக்கு எந்தக் காட்சி சான்று என்று கேளுங்கள். இங்கே ஓநாய் நாயகன். கேள்விகள் மட்டும் பழையவையே.

பிறகு நம் நாட்டு ஓநாய். இந்திய ஓநாய், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. ஐரோப்பியக் கதைகளின் இருண்ட காட்டை அதற்கு வீடாக்க முடியாது. மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் வறண்ட புல்வெளிகளிலும் முள்காடுகளிலும், ஆட்டு மந்தைகளுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது, அவற்றின் ஆட்டையும் பிடிக்கிறது. அரசின் கணக்கில் அந்தப் புல்வெளி பல இடங்களில் ‘தரிசு’ என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் படியில் வினைச்சொல்லுக்குச் செய்ததை இந்தப் பெயர்ச்சொல்லுக்கும் செய்யலாம்: யாருக்குத் தரிசு? ஆட்டுக்காரருக்கா, ஓநாய்க்கா, நிலத்தை விற்க நினைப்பவருக்கா? உங்கள் ஊரில் கிடை போடுபவர் யாராவது இருந்தால் வகுப்புக்கு அழைத்து, ஓர் ஆடு போனால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்க வையுங்கள். காப்பாற்று என்று சுவரொட்டி வரைவதற்கு முன்னால் குழந்தைகள் கேட்டிருக்க வேண்டிய குரல் அது.

எட்டாம் படி: தாங்களே ஒரு பக்கம் உருவாக்குவது

கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஓநாய் வரும் ஒரே ஒரு பக்கத்தை உருவாக்க வேண்டும்: ஒரு படம், இரண்டு மூன்று வாக்கியங்கள், விரும்பினால் ஃபோனில் பதிவுசெய்த ஓர் ஒலி. நிபந்தனை, பக்கத்தின் பின்புறம் மூன்று தேர்வுகளுக்குக் காரணம் எழுத வேண்டும்: ஏன் இந்த விகுதி, ஏன் இந்த இடத்தில் ஓநாய், ஏன் இந்த ஒலி. படம் அழகாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடாதீர்கள். அந்தக் காரணங்களில் ‘எனக்குப் பிடிச்சது’ என்பதைத் தாண்டி ‘பார்க்கறவங்க இப்படி நினைக்கணும்னு’ என்ற வகை வாக்கியம் வந்திருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வாரத்தில் நாம் தேடுவது அதுதான். அப்படி ஒரு வாக்கியம் எழுத வராத குழந்தையிடம் மறுமுறை நான்காம் படியை மட்டும் செய்துபார்க்கலாம்.

எல்லாம் முடிந்தபின் முதல் நாள் படங்களைத் திருப்பிக் கொடுங்கள். புதிதாக வரையச் சொல்ல வேண்டாம். பழையதிலேயே வேறு நிறப் பேனாவால் சேர்க்கவோ திருத்தவோ சொல்லுங்கள், இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவது நல்லது. வாய் வரைந்த பையன் உடம்பைச் சேர்ப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் வாயைத் தொடவே இல்லை. பச்சைப் பேனாவால் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்: ‘ஓநாய்க்கு வாய் இவ்வளவு பெருசாம்.’